திருவொற்றியூர் பேரில் ஒரு டீம் இல்லை

ராயபுரம்,
டிசம்பர் 2025

மாப்ளே,

நீ போனில் கேட்டதற்கு முதலில் பதில். இல்லை, இன்னும் ஆரம்பிக்கவில்லை. மார்கழி பிறக்கப்போகிறது, ஐ.எஸ்.எல்.லில் ஒரு பந்துகூட உதைபடவில்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் போட்டியை நடத்திவந்த கம்பெனியும் 2010-இல் போட்ட பதினைந்து வருஷ ஒப்பந்தம் இந்த மாதத்தோடு காலாவதி. புதுப்பிக்கிற பேச்சு இழுத்துக்கொண்டே போனதில் ஜூலையிலேயே சீசனை நிறுத்திவைத்தார்கள். அப்புறம் டெண்டர் விட்டார்கள். நவம்பரில் பார்த்தால் ஒருத்தரும் கேட்டு வரவில்லை. சென்னையின் எஃப்.சி. ஆகஸ்ட்டிலேயே அணியின் வேலைகளை நிறுத்திவிட்டது. பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தைத் தாண்டித்தான் வந்தேன். வாசலில் விளையாட்டுச் சாமான் கடைகளில் மட்டும் கூட்டம், அதுவும் கிரிக்கெட் மட்டைக்கு.

நீ கொண்டாடுகிற உன் இத்தாலி மட்டும் என்ன வாழ்ந்துவிட்டது? போன மாதம் 16-ஆம் தேதி சான் சிரோவில், சொந்த ஜனம் பார்க்க, நார்வேயிடம் 4-1. 2018 உலகக் கோப்பைக்கு ஸ்வீடன் விடவில்லை, 2022-க்கு வடக்கு மாசிடோனியா விடவில்லை, இப்போது மறுபடியும் பிளே-ஆஃப், மார்ச் 26 பெர்கமோவில் வடக்கு அயர்லாந்தோடு. நம் ஆட்கள் அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கே வழியில்லாமல் நிற்கிறார்கள். உனக்காவது பழைய உலகக் கோப்பை நாலு இருக்கிறது, எடுத்துத் துடைத்துக்கொண்டு உட்காரலாம்.

சரி, ஊருக்கு வருகிறேன். "வடசென்னை போறே, அந்த மினி பிரேசிலைப் பார்த்து எழுது" என்றாய். அந்தப் பேர் வியாசர்பாடிக்கு. முல்லை நகர் மைதானத்தில் உமாபதியும் தங்கராஜும் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பிள்ளைகளுக்குப் பந்தோடு படிப்பையும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். தனபால் கணேஷ் அந்தப் பேட்டைப் பையன்தான். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி. 3-0 ஜெயித்ததே, அதில் ஒரு கோல் அவருடையது, பாக்கி இரண்டும் ஜேஜே. சினிமாக்காரர்களும் விடவில்லை. 2019 ஒரே வருஷத்தில் 'பிகில்', 'ஜடா', 'சாம்பியன்' என்று மூன்று படம், மூன்றிலும் வடசென்னை, மூன்றிலும் பந்து. ஆகவே அதை நான் மறுபடி எழுதப்போவதில்லை.

நான் தங்கியிருப்பது அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டி. மச்சினன் வீடு ராயபுரத்தில், அவனுக்குத் துறைமுகத்தில் ஷிப்டு. காலையில் காசிமேட்டு மீன் வாசனை, மத்தியானம் கன்டெய்னர் லாரியின் ஹார்ன். இங்கிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே போகப்போக எனக்கு பிரேசில் ஞாபகம் வரவே இல்லை. உன் இத்தாலிதான் வந்தது. சிரிக்காதே, கேள்.

ஜெனோவா கிளப் எப்படி வந்தது? 1893-இல் அந்தத் துறைமுகத்திலிருந்த இங்கிலீஷ்காரர்கள் ஆரம்பித்தது. கரிக்கப்பல் மாலுமிகளுக்கு வைத்தியம் பார்க்க வந்த ஸ்பென்ஸ்லி என்ற டாக்டர்தான் அதில் கால்பந்தைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அதன் முழுப் பேரில் 'கிரிக்கெட்' இருக்கிறது. ஏ.சி. மிலானும் 1899-இல் பிறந்தபோது பேரில் கிரிக்கெட் உண்டு. அங்கே கிரிக்கெட் பேரில் மட்டும் நின்றுபோனது. இங்கேயும் அதே இங்கிலீஷ்காரன், அதே துறைமுகம், அதே கரி. ராயபுரத்து மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் கறுப்பாகிறது என்று ஜனங்கள் புலம்பி, 2011-இல் உயர் நீதிமன்றம் சொல்லித்தான் கரி எண்ணூருக்குப் போனது. எண்ணூர்க்காரன் துணி யாருக்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை, அது வேறு கதை.

தொழிற்சாலைக் கணக்கையும் பார். டூரினில் கார் கம்பெனி, ஃபியட். 1923-இல் அந்த அக்னெல்லி குடும்பம் யுவென்டஸை எடுத்தது. மிலானில் டயர் கம்பெனி, பிரெல்லி. அந்த வீட்டுப் பியரோ பிரெல்லிதான் ஏ.சி. மிலான் தலைவர், 1926-இல் திறந்த சான் சிரோவுக்குக் காசு போட்டவரும் அவர். பிற்பாடு இன்டர் மிலான் சட்டையின் நெஞ்சில் கால் நூற்றாண்டு அந்த டயர் பேர்தான். திருவொற்றியூருக்கு வா. இங்கே எம்.ஆர்.எஃப். இருக்கிறது. 1946-இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்து டயருக்கு வந்த கம்பெனி. பக்கத்தில் எண்ணூரில் அசோக் லேலண்ட். அதற்கு இந்தப் பக்கம் பழைய என்ஃபீல்டு தொழிற்சாலை, 1956-இலிருந்து புல்லட் வந்த இடம். தீப்பெட்டி செய்த விம்கோவின் பேர் இப்போது மெட்ரோ ஸ்டேஷனுக்கு. டயர் உண்டு, லாரி உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு, கப்பல் உண்டு. திருவொற்றியூர் பேரில் நாடறிந்த ஒரு டீம் இல்லை. டயர் செய்தது இங்கே, அந்தப் பேர் ஊரெல்லாம் தெரிந்தது டெண்டுல்கர் மட்டையில். வேகப்பந்து வீச்சாளர்களுக்கு 1987-இல் பவுண்டேஷன் வந்தது, டென்னிஸ் லில்லி வந்தார். தப்பு சொல்லவில்லை, நல்ல காரியம்தான். ஆனால் டயர் கம்பெனி கால்பந்து டீம் வைக்க முடியாது என்று எதுவுமில்லை. களமசேரியில் பிரீமியர் டயர்ஸ் எழுபதுகளில் எப்பேர்ப்பட்ட டீம், மலையாளிகளைக் கேட்டுப் பார்.

ஜெனோவாவில் நம் திருவொற்றியூர் மாதிரியே ஒரு பேட்டை உண்டு, சாம்பியர்தரேனா. துறைமுகம், பட்டறை, கூலி ஜனம். அந்தப் பேட்டை கிளப்பும் இன்னொன்றும் 1946-இல் சேர்ந்துதான் உன் சாம்ப்டோரியா. 1991-இல் லீக்கையே ஜெயித்தது. இந்த ஜூனில் மூன்றாம் டிவிஷனுக்கு விழப்போய் மயிரிழையில் தப்பியது என்று நீதான் ராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ் போட்டாய். விழுவதற்காவது ஒரு டீம் இருக்கிறதே அந்தப் பேட்டைக்கு என்று இப்போது தோன்றுகிறது.

ஏன் இங்கே இல்லை என்பதற்குப் புத்தகம் எதுவும் புரட்டவில்லை. எண்ணூர் போகிற வழியில் கத்திவாக்கம் பக்கம் ஒரு செவன்ஸ் மேட்ச், நின்று பார்த்தேன். அதிலேயே கிடைத்தது. டிட்வா புயல் கொட்டிவிட்டுப் போன தண்ணீர் இன்னும் ஒரு மூலையில் வற்றவில்லை. அந்தப் பக்கம் பந்து போனால் ஆட்டக்காரனே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறான். கம்பம் இரண்டும் சவுக்கு. வலை மட்டும் உலகத்தரம், பழைய மீன்வலை. அதில் பந்து ஒருமுறை சிக்கிக்கொண்டு எடுக்க ரெண்டு பேர் தேவைப்பட்டது. ஒரு கீப்பர் கையில் ஐஸ் பெட்டி தூக்குகிற ரப்பர் கிளவுஸ். ஒரு பக்கம் குப்பத்துப் பையன்கள், இன்னொரு பக்கம் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை, ஆனாலும் மூன்று மணிக்குத்தான் ஆரம்பம். காலையில் காசிமேட்டில் வியாபாரம் உச்சத்தில் இருக்கும்போது எந்த மீன்காரப் பிள்ளை பூட்ஸ் மாட்டும்? பந்து வெளியே போய் வரிசையில் நின்ற டிரெய்லருக்கு அடியில் உருண்டது. டிரைவர் இறங்கி, லுங்கியை மடித்துக்கட்டி, ஒரே உதையில் நடு மைதானத்துக்கு அனுப்பினார். "சூப்பர்ணா, நீ உள்ள வா!" என்று ரெண்டு டீமும் கத்தின. ரெஃப்ரியாக நின்ற பெரியவருக்கு மூச்சு வாங்கியது. ஆஃப்சைடு என்று அவர் கை தூக்குவதற்குள் கோல் விழுந்து, அதற்கு ஒரு சண்டையும் முடிந்துவிடுகிறது.

இடைவேளையில் நான் நோட்டில் ஏதோ குறிப்பதைப் பார்த்து ஒரு பையன் வந்தான். பதினெட்டு, பத்தொன்பது இருக்கும், முழங்காலில் சேறு.

"சார், எந்த ஆபீஸ்? செலக்‌ஷனா?"

எந்த கிளப் என்று கேட்கவில்லை, மாப்ளே. எந்த ஆபீஸ் என்றான்.

அதில் முழுக் கதையும் இருக்கிறது. மெட்ராஸ் லீக்கில் பெரிய பேரெல்லாம் என்ன? ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, கஸ்டம்ஸ், ஏ.ஜி. ஆபீஸ், இந்தியன் பேங்க். இந்தியன் பேங்க் தேசிய லீக் வரைக்கும் போய் ஆடியது. நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. வேலை வந்தால் வீட்டுக்குக் குவார்ட்டர்ஸ், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி கார்டு, தங்கைக்குக் கல்யாணம். கோல் போடுவது அதற்கு ஒரு பரீட்சை. இந்தப் பேட்டை ஆட்டக்காரனை வளர்த்தது, ஆபீஸ் எடுத்துக்கொண்டது, அவன் சட்டையில் ஆபீஸ் பேர் இருந்தது. ஊருக்கு விசுவாசம் வளர அதில் இடமேது? நேப்பிள்ஸ்காரன் இந்த மே மாதம் நாலாவது பட்டத்துக்குத் தெருவில் ஆடினானே, இன்டரைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் எடுத்ததற்கு. கஸ்டம்ஸ் ஜெயித்தால் ராயபுரம் ஆடுமா? சுங்க வரிக்கு யார் ஆடுவார்கள்!

இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். 1996-இல் பி அண்ட் சி மில் மூடியபோது பெரம்பூர் குடும்பங்கள் என்ன ஆயின என்று தெரிந்தவன் எவனும் 'வேலைக்காகப் பந்தா' என்று கேட்க மாட்டான். குறை எங்கே என்றால், அந்த ஆபீஸ் வேலைகள் அருகிவரும் நேரத்தில் அதன் இடத்துக்கு வரவேண்டிய கிளப் வரவில்லை. வந்தவையும் விசித்திரம். சென்னை சிட்டி என்று பேர் வைத்த டீம் கோயம்புத்தூரில் ஆடி, 2019-இல் ஐ-லீக் பட்டத்தையும் அங்கேயே வாங்கியது. வடசென்னைப் பையன் தன் ஊர் டீமைப் பார்க்க ரயிலேற வேண்டும். நந்தகுமார் சேகர் அதில் ஆடியவர்தான். பிறகு டெல்லி, ஒடிசா என்று போய், 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் வலையில் ஒன்று போட்டார். கல்கத்தாவில் பாதி ஊர் தூங்கவில்லை. இங்கே எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

இத்தாலியே ஒருமுறை நேரில் வந்து போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2006 ஜூன் 22, உலகக் கோப்பையில் செக் குடியரசோடு ஆட்டம். நெஸ்டா அடிபட்டு வெளியே போக, பதிலுக்கு இறங்கிய மட்டெராட்ஸி கோலும் போட்டார். அந்தக் காயம் இல்லாவிட்டால் பெர்லின் பைனலில் ஜிதேன் முட்டுவதற்கு வேறு நெஞ்சைத் தேடியிருக்க வேண்டும். எட்டு வருஷம் கழித்து மட்டெராட்ஸி சென்னையின் எஃப்.சி.யின் கோச். ஓய்வெடுத்திருந்த நெஸ்டாவை வரவழைத்துத் தன் டிஃபன்ஸில் நிறுத்தினார். அடுத்த வருஷம், 2015, வெள்ளத்தில் நம் ஊரே மூழ்கியதால் சொந்த மைதான அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். பைனலில் கோவாவில் 2-1 பின்தங்கி, கடைசி நிமிஷங்களில் ரெண்டு கோல், 3-2. அந்த டிசம்பரில் சென்னைக்காரன் சிரித்த ஒரே ராத்திரி அதுதான் என்கிறான் மச்சினன். அவன் வீட்டில் அப்போது இடுப்பளவு தண்ணீர்.

பதிலுக்கு நாம் இத்தாலிக்குப் போன கணக்கும் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக், செப்டம்பர் 1, பெஸ்காராவில் பெருவுக்கு எதிராக இந்தியா 3-1 தோற்றது. அந்த ஒரு கோல் நம் தஞ்சாவூர் சைமன் சுந்தர்ராஜ் போட்டது. ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசிக் கோல் இன்றுவரை அதுதான், அதற்குப் பிறகு நாம் தகுதியே பெறவில்லை. அப்புறம் 1973-இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராஃபி வாங்கித்தந்த கோச்சும் அவர்தான். ஸ்கில்லாச்சி எந்தத் தெருவில் பிறந்தார் என்று சொல்கிற உனக்கு இது தெரியுமா? தெரியாது, தெரியாது.

இங்கே சீசன் என்றைக்கு என்று கேட்டால் ஜனங்கள் ஏப்ரல் 15 என்கிறார்கள். அன்றைக்கு விசைப்படகுக்குத் தடைக்காலம் ஆரம்பம், ஜூன் 14 வரை 61 நாள். படகு கரையில், பையன்கள் கரையில், ஸ்கூலும் லீவு. குப்பத்துக்குக் குப்பம் டோர்னமெண்ட் போடுவது அப்போதுதானாம். உன் சீரி ஆ மே மாதம் மூட்டை கட்டும்போது இங்கே கோப்பைக்குப் பாலிஷ் போடுவார்கள். சம்மேளனம், டெண்டர், ஒளிபரப்பு உரிமை, எதுவும் வேண்டாம். மீன் முட்டையிட்டால் சீசன்.

மழைக்காலத்தில் நான் பார்த்தது சும்மா உதிரி ஆட்டம். அதற்கும் பைனல் உண்டு, வரும் ஞாயிறு மூன்றரைக்கு. லைட் கிடையாது, ஐந்தரைக்குள் முடித்தாக வேண்டும். சனிக்கிழமை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறு, விடிகாலை எழும்பூர். மெட்ரோ பிடித்து சென்ட்ரலில் மாறினால் விம்கோ நகர். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அந்தப் பெரியவருக்கு முழங்கால் வலியாம், இனி விசில் ஊத முடியாது என்றுவிட்டார். டி.வி.யைப் பார்த்து ஆஃப்சைடு, ஆஃப்சைடு என்று கத்துகிற ஆள் ஒருத்தன் எனக்குத் தெரியும் என்று உன்னைச் சொல்லிவைத்திருக்கிறேன். கறுப்புச் சட்டை எடுத்து வை. கம்பெனி டீமுக்கு எதிராகப் பெனால்டி கொடுப்பதாக இருந்தால் மட்டும் கேட்டுக்குப் பக்கமாக நின்று கொடு.

உன்,
மாப்ளே