கறுவாத்தோட்டத்தில் நம் மூத்தவர் கட்டிய மாளிகை



கொழும்புக்கு நாம் எதற்கெல்லாம் போகிறோம்? கல்யாணச் சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போகிறோம். நோயாளியைப் பார்க்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். பிள்ளைகள் அடம்பிடித்தால் காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கிக் கொடுத்து, தெஹிவளையில் யானையையும் காட்டிவிட்டு ஊர் திரும்புகிறோம். மாநகர சபையைத் தாண்டிப் போகும்போது, பெரிய ஆலமரங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளை மாளிகை தெரியும். "அதுதான் நூதனசாலை" என்று யாராவது சொல்வார்கள். நாமும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

அந்த வாசற்படியை ஒருநாள் நீங்கள் மிதிக்க வேண்டும். தனியாக அல்ல, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த மாளிகையைக் கட்டுவிக்க முன்னின்றவர் தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரி. அவருடைய சிலை இன்றும் முற்றத்தில் நிற்கிறது. வரைபடம் போட்டவர் ஜேம்ஸ் ஸ்மித்தர் என்ற ஆங்கிலேயர். ஆனால் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து, மேசன்மாரையும் தச்சர்மாரையும் வைத்து அதைக் கட்டி எழுப்பிய கொந்தராத்துக்காரர் யார் தெரியுமா? அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். நம் சமூகத்து மூத்தவர். 1877 ஜனவரி முதலாம் திகதி அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

கட்டி முடித்த வேலையைப் பார்த்து மகிழ்ந்த தேசாதிபதி, "உமக்கு என்ன வெகுமதி வேண்டும்?" என்று கேட்டாராம். காணியா, பட்டமா, பணமா? எதையும் அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இந்த இடத்தை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். இப்படித்தான் வழிவழியாகச் சொல்கிறார்கள். நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடியே இருந்தது. அந்த வழக்கம் பிற்காலத்தில்தான் மாறியது. பின்னர் 1892 இல் கொழும்பு ஸாஹிரா கல்லூரிக்கு வித்திட்டபோது, சித்திலெப்பை அவர்களுக்குத் தோள்கொடுத்து நின்றவரும் இதே வாப்பிச்சி மரிக்கார்தான்.

உள்ளே போனதும் பிள்ளைகளை ஒரு கல்லின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். பார்ப்பதற்கு ஆடம்பரமில்லாத கல்தான். 1911 ஆம் ஆண்டு காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்ததை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். புரட்டிப் பார்த்தால் மூன்று மொழிகளில் எழுத்து! சீனம், தமிழ், பாரசீகம்.

சீனப் பேரரசரின் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல் அது. அதில் 1409 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. செங் ஹோ சீனாவின் யுன்னான் பகுதியில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். சீன எழுத்து புத்தருக்குச் செலுத்திய காணிக்கையைச் சொல்கிறது. தமிழ் எழுத்து தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாருக்குச் செலுத்தியதைச் சொல்கிறது. பாரசீக எழுத்து தேய்ந்து போயிருந்தாலும், அது இஸ்லாத்தைச் சார்ந்தது என்பது தெளிவு. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று மூன்று தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவான காணிக்கை!

இதைப் பார்த்து எல்லாமே இனிமையாக இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டாம். அதே செங் ஹோ இந்நாட்டில் போரும் புரிந்தார். அழகேஸ்வரன் என்ற ஆட்சியாளரைச் சிறைப்பிடித்து 1411 இல் சீனாவுக்குக் கொண்டுபோனார். சரித்திரத்தில் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 600 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கரைக்கு வந்த ஓர் அந்நியர், இங்கே மூன்று சாராருக்கும் பேச வேண்டும் என்று தெரிந்தே கல்லை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த மூன்று சாராரில் முஸ்லிம்களும் இருந்தார்கள்.

பாடசாலை விட்டு வந்த பிள்ளை, "உம்மா, நாங்க இந்த நாட்டுக்குப் பிந்தி வந்தவங்களாமே?" என்று முகம் வாடிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? வாயால் ஆயிரம் சொல்லலாம். இந்தக் கல்லின் முன்னால் நிறுத்திக் காட்டினால் அது பிள்ளையின் மனதில் நிற்கும்.

அடுத்து கண்டி மன்னர்களின் சிம்மாசனத்தைப் பாருங்கள். 1693 இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த அன்பளிப்பு அது. 1815 இல் கண்டி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அதை இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார்கள். 1934 இல்தான் திரும்பி வந்தது. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்ட லெவ்கே பீரங்கியும் பொன்பிடி வாளும் 2023 இல் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்திருக்கின்றன. கண்டி இராச்சியத்தின் கதை நமக்கும் அந்நியமானதல்ல. அரண்மனையில் முஸ்லிம் வைத்தியர்கள் இருந்தார்கள். பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலையேறியவர்களில் நம் முன்னோரும் உண்டு.

"அங்கே சிலைகள் இருக்குமே" என்று சிலர் தயங்குவார்கள். உண்மைதான், புத்தர் சிலைகளும் இந்துத் தெய்வங்களின் வெண்கலச் சிலைகளும் நிறையவே இருக்கின்றன. நாம் அங்கே போவது வணங்குவதற்கல்ல, அறிந்துகொள்வதற்கு. அயலவர் எதை மதிக்கிறார் என்று தெரிந்தால்தான் பிள்ளை அவரோடு மரியாதையாகப் பழகும்.

சிறு பிள்ளைகள் கல்லையும் செம்பையும் பார்த்துச் சலித்தால், பின்பக்கம் இயற்கை வரலாற்று நூதனசாலை இருக்கிறது. விலங்குகளும் பறவைகளும் எலும்புக்கூடுகளும் அவர்களை இழுத்துப் பிடிக்கும். களைத்துப் போனால் எதிரே விஹாரமகாதேவி பூங்கா. பாயை விரித்து, கொண்டுபோன சோற்றுப் பார்சலைப் பிரிக்கலாம். ளுஹர் தொழ, நடக்கும் தூரத்தில் தெவட்டகஹ பள்ளிவாசல் இருக்கிறது.

வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குச் சித்திரத்தில் ஆசையா? அதே வட்டாரத்தில் பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் மன்றம் இருக்கிறது. ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. 1943 இல் இந்நாட்டு ஓவியர்கள் சிலர் கூடி, ஆங்கிலேயர் கற்பித்த பாணியிலேயே நிற்காமல் தமக்கென ஒரு வழி தேடினார்கள். '43 குழு' என்று பெயர். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் போன்றவர்களின் படங்களை அந்த வீட்டில் காணலாம். குழு உருவாகத் துணைநின்ற புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் பெயரிலும் அருகிலே ஒரு கலையரங்கு உண்டு. அங்கும் ஓவியக் கண்காட்சிகள் நடக்கும். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1993 இல் தொடங்கிய 'கலா பொல' சித்திரச் சந்தை நடக்கும் நாளில் போனால், தெருவோரத்திலேயே ஓவியர்களோடு நின்று பேசலாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். புறக்கோட்டையிலிருந்து மஹரகம போகும் 138 ஆம் இலக்க பஸ் இந்தப் பக்கமாகப் போகிறது. அரச விடுமுறை நாட்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் காலும் வலிக்கும், மனதிலும் ஒன்றும் தங்காது. கல், சிம்மாசனம், பிள்ளை விரும்பும் இன்னுமொன்று, இவை போதும். வீட்டுக்கு வந்ததும், பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மூத்தும்மா இருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டட்டும்.

வெளியே வரும்போது முற்றத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். தேசாதிபதியின் சிலையைக் காட்டும் அதே கையால் பின்னால் உள்ள சுவர்களையும் காட்டி, கட்டியவரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வரும் பாடசாலை விடுமுறைக்கே ஒரு நாளைக் குறித்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், போய்வந்து எங்களுக்கும் எழுதுங்கள்.