பலவீனம் என்று ஒரு கட்டம்

மந்திரப் பள்ளி ரோல்பிளே எதில் சேரப் போனாலும் முதலில் ஒரு ஃபார்மை நீட்டிவிடுவார்கள். பெயர், வயது, எந்த விடுதி, மந்திரக்கோல் என்ன மரம், வளர்ப்புப் பிராணி உண்டா, குடும்பப் பின்னணி, பலம், பலவீனம். எங்கள் குழுவுக்கு வரும் ஃபார்ம்களைப் படித்து ஒப்புதல் தருவது என் பொறுப்பு. மந்திரக்கோலைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவர்கள்கூடக் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் திணறிப்போகிறார்கள். 'எல்லோரையும் சட்டென்று நம்பிவிடுவாள்.' 'தான் அழகி என்பது அவளுக்கே தெரியாது.' இன்டர்வியூவில் குறையைக் கேட்டால் 'ஓவராக உழைப்பேன் சார்' என்பார்களே, அந்த ரகம்.

இந்தக் கட்டத்தை முதலில் போட்டது யார், எதற்காகப் போட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

யாருக்கும் முதலில் ஹாரி பாட்டர்தான் தோன்றும். விடுதியும் ஆந்தையும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் 1997இல் வந்த அந்தக் கதையில் ஒரு மந்திரத் தொப்பி பிள்ளைகளின் மனதைப் பார்த்து விடுதி பிரிக்கிறது, அவ்வளவுதான். உன் பலவீனத்தை எழுதிக் கொடு என்று யாரும் கேட்பதில்லை. கட்டத்தின் வேர் வேறு எங்கோ இருக்கிறது.

அடுத்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி 1974இல் அமெரிக்காவில் வெளியானது. ஒரு பெட்டி, உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள், முதல் அச்சு 1000 பிரதிகள். முதல் புத்தகத்திலேயே மாதிரிக்கு ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். பெயர் ஸைலார்தன், மந்திரவாதி. மூன்று பகடைகளை உருட்டி ஒவ்வொரு குணத்துக்கும் 3 முதல் 18க்குள் ஓர் எண் எடுக்க வேண்டும். இவனுக்கு விழுந்தது வலிமை 6, புத்தி 11, விவேகம் 13. வாளைத் தூக்கும் பிழைப்புக்கு வழியே இல்லை. எண்களைப் பார்த்தால் பூசாரியாகப் போயிருந்தால் சீக்கிரம் முன்னேறியிருப்பான். ஆனால் ஆடுகிறவருக்கு மந்திரம் பிடித்துவிட்டது, அதனால் மந்திரவாதி ஆக்கிவிட்டார் என்று புத்தகமே விளக்கம் சொல்கிறது. எனக்கு ஸைலார்தனை ரொம்பப் பிடித்துப்போனது. தனக்குச் சரிப்படாத படிப்பில் ஆசைப்பட்டுச் சேர்ந்த பையன். அவனைச் சுற்றி ஒரு பள்ளியைக் கட்டினால் முதல் பருவம் முழுக்க ஓட்டலாம்.

ஆனால் இங்கே குறை என்பது பகடை போட்ட பிச்சை. ஆடுகிறவர் தேர்ந்தெடுத்ததல்ல. தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை நன்றாகப் பரப்பியது 1981இல் வந்த சாம்பியன்ஸ் என்ற சூப்பர்ஹீரோ ஆட்டம். அதில் பகடைக்குப் பதில் புள்ளிகள். புள்ளி கொடுத்துப் பறக்கும் சக்தி வாங்கலாம். புள்ளி போதவில்லையா, ஒரு குறையை ஏற்றுக்கொள். உன்னை ஒரு வில்லன் துரத்திக்கொண்டே இருக்கிறான் என்று எழுது, இத்தனை புள்ளி. அடிக்கடி ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று எழுது, இன்னும் கொஞ்சம். 1987இல் ஜானதன் ட்வீட்டும் மார்க் ரைன்-ஹேகனும் ஆர்ஸ் மாஜிகா என்ற ஆட்டத்தில் இதே வழக்கத்தை இடைக்கால ஐரோப்பிய மந்திரவாதிகளுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே நிறைகளுக்கு ஈடாகக் குறைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். சுத்தமான வியாபாரம். வியாபாரம் என்றால் ஏய்ப்பும் வரும். ஆட்டத்தில் ஒருநாளும் தலைகாட்டாத குறையாகப் பார்த்து எடுத்துப் புள்ளியைச் சுருட்டிக்கொள்ளும் ஆசாமிகள் எல்லா மேஜையிலும் உண்டு.

இதுவரை சரி. ஆனால் எங்கள் ஃபார்மில் புள்ளியே கிடையாதே. பலவீனம் எழுதினால் பதிலுக்கு எதுவும் கிடைக்காது. பிறகு எதற்குக் கேட்கிறோம்?

அதற்கான பதில் ரசிகர்கள் எழுதும் கதைகளின் பக்கம் இருந்தது. 1973இல் பாலா ஸ்மித் என்பவர் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரின் ரசிகர் இதழ் ஒன்றில் ஒரு குட்டிக் கேலிக்கதை எழுதினார். நாயகி லெஃப்டினன்ட் மேரி சூ. பதினைந்தரை வயது, படையிலேயே இளைய அதிகாரி. எல்லோரையும் காப்பாற்றி, எல்லோர் மனதையும் கவர்ந்து, கடைசியில் கப்பலே அழ உயிரை விடுகிறாள். அந்த இதழ்களுக்கு வந்து குவிந்த கதைகளில் இப்படிப்பட்ட பெண்கள் ஏராளம், அதைத்தான் அவர் கிண்டலடித்தார். பெயர் நிலைத்துவிட்டது. குறையே இல்லாத கதாபாத்திரம் எதுவானாலும் இன்றும் மேரி சூதான். (ஆண் நாயகர்கள் இதைவிடப் பெரிய சாகசம் செய்தாலும் அவர்களை அவ்வளவு எளிதில் யாரும் கேலி செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஆக என் கணிப்பு இதுதான். கட்டத்தின் உருவம் விளையாட்டு மேஜையிலிருந்து வந்தது, அதற்குள் இருக்கும் பயம் மேரி சூவிடமிருந்து வந்தது. பலவீனம் கேட்பது ஒரு சோதனைச் சாவடி. அதனால்தான் விண்ணப்பிக்கிறவர்கள் தாண்டிப் போவதற்கு எது போதுமோ அதை மட்டும் எழுதுகிறார்கள்.

மேரி சூவுக்கு முன்பே உர்சுலா லெ குவின் ஒரு மந்திரப் பள்ளியைக் கட்டியிருந்தார். 1968இல் வந்த எர்த்ஸீ நாவலில் கெட் என்ற மாணவன் சக மாணவனிடம் வீம்புக்கு இறந்தவளை அழைத்து, கூடவே ஒரு நிழலையும் உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். கதையை நகர்த்துவதே அவன் கர்வம்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கெட்டிக்கார மாணவன் ஒருவனின் மார்க் ஷீட்தான்.

ஒரே ஆள் எழுதும் நாவலில் இது நடக்கும். பத்துப் பேர் கூடி ஆடும்போது? போலந்தின் ச்சோகா கோட்டையில் 2014இல் தொடங்கிய காலேஜ் ஆஃப் விஸார்ட்ரி நிகழ்ச்சியில் அதற்கு ஒரு வழி கிடைத்தது. நிஜக் கோட்டையில் சில நாட்கள் தங்கி, அங்கி மாட்டிக்கொண்டு, மாணவர்களாகவும் ஆசிரியர்களாகவும் வாழ்ந்து பார்க்கிறார்கள். அங்கே ஒரு விதி: மந்திரத்தை ஏவுகிறவர் ஏவலாம், ஆனால் அது என்ன செய்தது என்பதை வாங்கிக்கொள்கிறவர்தான் முடிவு செய்வார். ஜெயிப்பது அங்கே பெரிய விஷயமில்லை என்பதால், அழகாகத் தோற்கத் தெரிந்தவரைச் சுற்றித்தான் கூட்டம் சேரும். அங்கே பலவீனம் மற்றவர்கள் வந்து தொடுவதற்கான கைப்பிடி.

நான் இப்போது ஃபார்மை அப்படித்தான் படிக்கிறேன். 'இருட்டைக் கண்டால் பயம்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். சாதாரணமாகத் தெரியும், ஆனால் ராத்திரியில் தாழ்வாரம் சுற்றுகிற பள்ளியில் அவள் கையைப் பிடித்துக்கொள்ள யாராவது வேண்டும், அவளைப் பயமுறுத்தவும் யாராவது வருவார்கள். உடனே ஒப்புதல். போன வாரம் வந்த கல்லூரிப் பையன் 'கோபக்காரன்' என்று மட்டும் போட்டிருந்தான்.

"யார் மேலப்பா கோபம்?" என்றேன்.

"பொதுவாத்தான்க்கா."

"பொதுவா கோபப்பட்டா யாரு பதில் சொல்றது?"

கொஞ்ச நேரம் கழித்து எழுதினான்: "ரூம்மேட் கடன் வாங்கித் திருப்பித் தரலைன்னு வெச்சுக்கலாமா?"

ரூம்மேட்டாக ஆடப்போகிறவரிடமே கேட்டுவிடு, தொகையையும் ரெண்டு பேரும் பேசி முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.