ஓட்டம் அறியும் உட்சுவர்

கொல்லிமலை எடப்புளி நாட்டில் பிறந்தவன் நான். மலைக்காரனுக்கு ஓடும் நீரின் இயல்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேராகப் பாயும் இடத்தில் ஓடை பாறையை வழவழப்பாக வைத்திருக்கும்; திரும்பும் இடத்தில் உட்கரையில் மணல் சேரும். உடலுக்குள் ஓடும் இரத்தத்துக்கும் இதே கதைதான் என்று தோன்றும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாறைக்கு உணர்ச்சியில்லை; இரத்தக் குழாயின் உட்சுவருக்கு உண்டு.

தமனி, சிரை, தந்துகி ஆகிய அனைத்தின் உட்புறத்தையும் ஒரே அடுக்குச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. இதுவே எண்டோதீலியம். இரத்தம் இதன்மீது இருவகை விசைகளைச் செலுத்துகிறது. சுவரை வெளிநோக்கித் தள்ளுவது அழுத்தம்; மருத்துவர் கையில் பட்டை கட்டி அளப்பது இதைத்தான். சுவரை உராய்ந்து, ஓட்டத்தின் திசையில் இழுப்பது சறுக்குப் பெயர்ச்சித் தகைவு. நேரான தமனியில் இது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 15 டைனோ அதற்கு மேலோ இருக்கும். எடையாகச் சொன்னால் 15 மில்லிகிராம். எங்கள் மலைச் சாமையில் ஆறேழு மணிகள்! இந்தச் சிறு இழுப்பையும் செல் உணர்கிறது. ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசையாகப் படிகிறது. நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிக்கிறது.

உட்படலம் இல்லையேல் அசிட்டைல்கோலினால் குழாய் விரிவதில்லை என்பதை 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் தமனியில் காட்டினார். 1998இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். 2021 நோபல் பரிசில் பங்கு பெற்ற ஆர்டெம் படபூட்டியன் குழுவினர் 2010இல் கண்டறிந்த பீசோ-1 என்னும் புரதம், அந்த இழுப்பைச் செல் உணரும் வாயில்களுள் ஒன்று. நம் சென்னையிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையத்தில் இச்செல்களைப் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன.

தமனி கிளை பிரியும் இடத்திலும், வளைவின் உட்புறத்திலும் ஓட்டம் மெலிந்து சுழல்கிறது. தகைவு 4 டைனுக்கும் கீழே இறங்கும் இடங்களில் செல்களின் வரிசை கலைகிறது. கொழுப்பும் வெள்ளணுக்களும் சுவருக்குள் எளிதில் நுழைகின்றன. இரத்தத்தில் உள்ள கொழுப்பு உடலெங்கும் ஒன்றுதான். ஆயினும் கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் அடைப்பு மிகுவதும், நேரான பகுதி பெரிதும் தப்புவதும் இதனால்தான்.

இதை வெறும் பாடமாகப் படிக்கும் நிலையில் நான் இல்லை. சிறுநீரகம் செயலிழந்த என் தந்தையார், டயாலிசிஸுக்காக வாரம் இருமுறை எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறுகிறார். அவர் இடது மணிக்கட்டில் ஒரு தமனியைச் சிரையோடு இணைத்துத் தைத்திருக்கிறார்கள். 1966இல் நியூயார்க்கில் ப்ரெஸ்சியா, சிமினோ முதலிய மருத்துவர்கள் வெளியிட்ட முறை இது, பெயர் பிஸ்டுலா. ஆறு வாரத்தில் 6 மில்லிமீட்டர் அகலமும், நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் ஓட்டமும் வரவேண்டும் என்பது மருத்துவர் கணக்கு. மெல்லிய சிரையை அப்படி அகலமாக்குவது எந்தக் கருவியும் அன்று. பெருகிய ஓட்டத்தை உணர்ந்த அதே உட்படலம்தான். இணைப்பின் அருகே ஓட்டம் சுழன்றால், அதே சுவர் தடித்துக் குழாய் குறுகவும் கூடும்.

மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறிய அந்தக் கை இன்று பாரம் தூக்குவதில்லை. ஊருக்குப் போகும் நாட்களில் காலையில் அதைத் தொட்டுப் பார்ப்பது என் வேலை. மற்ற நாட்களில் அம்மா பார்க்கிறார். தோலுக்கடியில் ஓர் அதிர்வு தெரிய வேண்டும்.

“ஓடுதா, கண்ணு?” என்பார் அப்பா.

“ஓடுதுப்பா” என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வரும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்த அதிர்வின் பொருளை வீட்டாருக்கு விளக்க வேண்டியவனும் நானே.

நடையும் உடலுழைப்பும் ஓட்டத்தைப் பெருக்கி உட்படலத்தைக் காக்கின்றன. புகை அதைக் கெடுக்கிறது. விடுதித் தோழர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். “எண்டோதீலியம் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது” என்று இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறோம். அந்த ஒரு வரியை நம்பி ஒரு குடும்பம் வாழவும் கூடும். நண்பர்களே, அதைச் சற்று நின்று படியுங்கள்.