எலுமிச்சை போய்க் காந்தம் வந்தது!

வாடகைக் கார் ஓட்டும் நம் அண்ணன், வண்டியில் தொங்கிய எலுமிச்சையையும் மிளகாயையும் என்றோ அறுத்தெறிந்தவர். "சக்கரத்தடியிலே நசுங்கும் பழமா சாலையிலே நம்மைக் காக்கும்?" என்று சக ஓட்டுநர்களை மடக்கியவர். அந்த அண்ணன்தான் சென்ற ஆண்டு 2,400 ரூபாய் கொடுத்து இரண்டு காந்தத் துண்டுகளை வாங்கி, டீசல் குழாயின்மீது தாயத்துப்போல் கட்டிக்கொண்டு வந்தார்!

டீசலின் மூலக்கூறுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடக்கின்றனவாம். காந்தம் அவற்றைப் பிரித்து அணிவகுக்கச் செய்யுமாம். எரிதல் முழுமை பெற்று நூற்றுக்கு 20 பங்கு மிச்சமாகுமாம். துண்டறிக்கையிலே அம்புக்குறிகள், படங்கள்! "ஏன் என்று கேள்" எனப் பிள்ளைகட்கு ஓதும் நாம், கலைப் பட்டதாரியாகிய நாம், வாய் திறந்தோமா? இல்லை. எலுமிச்சை என்றால் எதிர்த்திருப்போம். மூலக்கூறு என்றதும் மௌனமானோம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம் பள்ளி இயற்பியல் ஆசிரியர் விளக்கினார். டீசலும் பெட்ரோலும் ஹைட்ரோகார்பன்கள். இரும்பைப்போல் காந்தத்தின்பால் ஓடுபவை அல்ல. அளக்கவும் அரிய அளவிலே அதனின்று விலகுபவை. அது கிடக்கட்டும். நல்ல நிலையிலுள்ள இன்றைய எஞ்சினிலே, உட்செல்லும் எரிபொருளில் எரியாமல் எஞ்சுவது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அதனை முழுதும் எரித்தாலும் 20 பங்கு எங்கிருந்து மிஞ்சும்? வண்டியிலே வீணாவதில் பெரும்பங்கு, ரேடியேட்டர் வழியும் புகைக்குழாய் வழியும் வெளியேறும் வெப்பம். அதனைக் காந்தம் என்ன செய்யும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சிக்கனக் கருவிகள் என்று சொல்லப்பட்டவை 100க்கு மேல் ஆராய்ந்தது. ஓரளவேனும் பயன் தந்தவை மிகச் சில. காந்தம் அவற்றுள் இல்லை.

அண்ணன் ஒப்பவில்லை. "கையிலே கணக்கு இருக்கிறது, தம்பி!" என்றார். உண்மைதான். காந்தம் கட்டிய நாள்முதல் அவர் வேகத்தைக் குறைத்தார். டயர்க் காற்றையும் தவறாமல் பார்த்தார். மிச்சம் பிடித்தது அண்ணனின் பாதம். பெயர் தட்டிச் சென்றது காந்தம்!

ஆகவே ஒரு சோதனைக்கு அவரை இசைய வைத்தோம். ஆசிரியர் தைத்து மூடிய துணிப்பையைக் குழாயில் கட்டுவது. சில வாரம் உள்ளே காந்தம், சில வாரம் அதே எடையில் கூழாங்கல். எது என்று அண்ணனும் அறியார், நாமும் அறியோம். தொட்டி நிறையப் போட்டு, மீண்டும் நிறைத்து, எட்டு வாரம் கணக்கெழுதினோம். காந்தத்துடன் லிட்டருக்கு 17.9 கிலோமீட்டர், கல்லுடன் 18.1!

அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நான் சொல்லித்தானே ஸ்டாண்டிலே நாலு பேர் வாங்கினார்கள்?" என்றார். காசு போனதைவிட அதுவே அவரைச் சுட்டது.

மறுநாள் காலை, கணக்கு நோட்டையும் கூழாங்கல்லையும் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டிற்குப் போனார். நாமும் உடன் போனோம். நால்வரிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னார். முதலில் சிரித்தவர், எலுமிச்சைக்காக அவரிடம் அன்று வசை வாங்கியவர்தாம்.