இருமலும் பாணி மருந்தும்

குழந்தைக்குத் தடிமன் பிடித்துவிட்டால் அன்றிரவு வீட்டில் எவருக்கும் உறக்கமில்லை. இருமல் கேட்கக் கேட்கப் பெற்றோரின் மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்திலேயே பலரும் பாமசிக்கு ஓடிப் பாணி மருந்துப் போத்தலொன்றை வாங்கி வருகிறார்கள்.

அந்தப் போத்தலைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. 2022 இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். 2025 இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 20 இற்கும் மேற்பட்ட குழந்தைகள் அவ்வாறே மாண்டனர். அவர்கள் அருந்திய பாணி தயாரானது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரு நாடுகளிலும் பாணியில் கண்டறியப்பட்டது டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நச்சுத் திரவம்.

நஞ்சு கலவாத பாணியும் சிறு குழந்தைகளின் இருமலைத் தணிக்கும் என்பதற்குத் தக்க சான்றில்லை. தடிமன் வைரசால் வருவது. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே அகன்றுவிடும். அதுவரை தொண்டையை ஆற்றிக் குழந்தையை உறங்கவைத்தாற் போதுமானது.

அதற்கான வழிகள் எமது அடுக்களையிலேயே உள்ளன. மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த இளஞ்சூடான குடிநீர், பனங்கற்கண்டு கரைத்த வெந்நீர், கஞ்சி, உறங்குமுன் ஒரு தேக்கரண்டி தேன். 2007 இல் அமெரிக்காவில் 105 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வொன்றில், மருந்தெதுவும் பெறாதோரைவிடத் தேன் உண்டோர் இரவில் குறைவாகவே இருமினர்.

ஆயினும் அம்மம்மா செய்ததெல்லாம் சரியென்று கொள்வதற்கில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாவில் தடவவும் கூடாது; அதில் இருக்கக்கூடிய பக்டீரியா வித்துகள் குடலில் முளைத்துத் தசைகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும்; குடிநீர் வேண்டாம். கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குட் சென்றால் வலிப்பு வரும். கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்கப்போய் வெந்துபோன பிள்ளைகளும் உண்டு.

இன்னொன்றையும் மறத்தலாகாது. 1 முதல் 5 வயதுப் பிள்ளை அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், மூச்செடுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், எதையும் குடிக்க மறுத்தால், அது வெறுந் தடிமன் அல்ல. அவ்வேளையில் மல்லி அவித்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.