ரீஸ்டார்ட் செய்யாதவன்

"நோட்புக் ஃபைலை அனுப்புவதற்கு முன்னால் கெர்னலை ரீஸ்டார்ட் செய்து, மேலிருந்து கீழ்வரை எல்லா செல்லையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்." மாணவர்களிடம் ஓயாமல் சொல்வேன். நான் செய்வதில்லை.

சேஜ்மேத் என்ற கணித மென்பொருளைத் திறந்ததும் 'ஐ' என்ற சின்ன எழுத்து மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம். அதே எழுத்தை வைத்து ஒரு ஃபார் லூப் எழுதினால், லூப் முடிந்த பிறகும் கடைசி எண் அதிலேயே உட்கார்ந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. ஒருமுறை வகுப்பில் ஆய்லர் சமன்பாட்டைத் திரையில் ஓட்டிக் காட்டினேன். 0 வரவேண்டிய இடத்தில் 'ஈ'யின் அடுக்கில் 4 பை, கூட்டல் 1 என்று வந்து நின்றது. தசமத்தில் 2,86,752-க்குச் சற்று மேல். காலையில் 0 முதல் 4 வரை லூப் ஓட்டியது நான்தான். பார்த்ததுமே புரிந்துவிட்டது. "புது வெர்ஷனில் ஏதோ பக்" என்றேன். ரீசெட் என்று ஒரு வரி அடித்திருந்தால் 'ஐ' பழையபடி ஆகியிருக்கும். அடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

மேப்பிள் என்ற இன்னொரு கணித மென்பொருள்காரர்கள் பலர் முதல் வரியிலேயே ரீஸ்டார்ட் எழுதிவிடுவார்கள். மாக்ஸிமா என்ற மென்பொருளில் அதற்கு 'கில் ஆல்' என்றே கட்டளை. கொலைகாரப் பெயர்தான், ஆனால் வேலை சுத்தம். எனக்கோ ராத்திரி முழுக்க ஓடிய க்ரோப்னர் அடிப்படைக் கணக்கின் விடை மெமரியில் இருக்கிறதே என்ற சாக்கு. வெறும் சாக்குதான். சேவ் கட்டளை கொடுத்தால் டிஸ்கில் போய் உட்காரும், மறுநாள் லோட் செய்துகொள்ளலாம். அதையும் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒரு ஃபங்ஷனை எழுதிய செல்லை, நோட்புக் அழகாக இருக்கட்டும் என்று அழித்துவிட்டேன். செல் போனாலும் ஃபங்ஷன் கெர்னலின் நினைவில் கிடக்கும். என் கம்ப்யூட்டரில் எல்லாம் ஓடியது. ஆராய்ச்சி மாணவி ஒருத்திக்கு அனுப்பினேன். நேம் எரர் வருகிறது என்றாள். திறந்துகூடப் பார்க்காமல், "உன் இன்ஸ்டலேஷனில்தான் கோளாறு, எடுத்துவிட்டு மறுபடி போடு" என்றேன். ஜிபி கணக்கில் டவுன்லோட், ஹாஸ்டல் வைஃபை. அவள் அதோடு மல்லாடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. விட்டுப்போன செல்லைச் சேர்த்து, "சில திருத்தங்களுடன்" என்று சத்தமில்லாமல் மறுபடி அனுப்பினேன்.

"ரீஇன்ஸ்டால் பண்ணினதும் சரியாயிடுச்சு சார், ரொம்ப நன்றி" என்றாள்.

"நான்தான் சொன்னேனே" என்றேன்.