வருகைக்கான காரணம்

மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்பது சிறிய செயல்தான். ஆனால் அதை யாரிடம், எந்த மொழியில், எவர் காதுபடக் கேட்கிறோம் என்பதில் நோயாளியின் மானமும் அடங்கியிருக்கிறது. பெங்களூரு அல்சூரில் நான் குடியிருக்கும் தெருவிலுள்ள ஒரு தனியார் கிளினிக், சில மாதங்களுக்கு முன் டோக்கன் முறையைக் கைவிட்டுச் செயலிவழி முன்பதிவுக்கு மாறியது. அதிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை.

முன்பு மாலை 5 மணிக்கு ஓர் அம்மா நோட்டுடன் மேசையில் அமர்ந்திருப்பார். தமிழ், கன்னடம், உருது என எதில் கேட்டாலும் பெயரெழுதி அட்டை கொடுப்பார். மூச்சிரைப்போடு யாரேனும் வந்தால் வரிசையை மீறி உள்ளே அனுப்புவார்; எவரும் மறுத்துப் பேசியதில்லை. பெண்கள் அவரருகே குனிந்து இரண்டு சொல் சொல்வார்கள். பெண் மருத்துவர் வரும் நாளைக் குறித்துக் கொடுப்பார். இப்போது அந்த மேசைமேல் கியூஆர் குறியீடு ஒட்டிய பலகை நிற்கிறது.

இம்மாற்றத்தைப் பழிப்பது எளிது, நியாயமன்று. இணையத்தில் மருத்துவரைத் தேடி நேரம் குறிக்கும் பழக்கத்தைப் பரப்பிய பிராக்டோ, 2008இல் இதே நகரில் தோன்றியது. 2015இல் நடுவணரசு தொடங்கிய இணையவழிப் பதிவுமுறையில் நிம்ஹான்ஸும் இடம்பெற்றது. இரவுப் பேருந்தில் வந்து விடியலில் வரிசை பிடிக்கும் குடும்பங்களுக்கு அது ஆறுதல். 2022 அக்டோபரில் அறிமுகமான 'ஸ்கேன் அண்ட் ஷேர்' முறையில், ஆபா கணக்குள்ளவர் மருத்துவமனையின் குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து தம் விவரங்களைப் பகிர்ந்தாலே புறநோயாளி டோக்கன் கிடைத்துவிடுகிறது. என்னைப் போன்றோர்க்கு இவை வசதிதான்.

எதிர்வீட்டு அக்காவுக்கு அப்படியில்லை. (அவர் இசைவுடன், அடையாளம் தரும் விவரங்களைத் தவிர்த்தே எழுதுகிறேன்.) வீட்டிலுள்ள ஒரே ஸ்மார்ட்போன் மகனுடையது, அவனோ பகலெல்லாம் உணவு விநியோகத்தில் அலைகிறான். ஓடிபி அவன் கைக்குத்தான் வரும். ஆகவே என்னிடம் வந்தார். பெயர், வயது ஆகியவற்றைக் கடந்ததும் 'வருகைக்கான காரணம்' என்னும் கட்டம் ஆங்கிலத்தில் விரிந்தது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "சும்மா காய்ச்சல்னு போடுங்க தம்பி, மத்தத டாக்டரம்மாகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். அப்படியே பதிந்தேன். காய்ச்சலுக்குரிய பொது மருத்துவரிடம் நேரம் கிடைத்தது, அவர் ஆண். அக்கா போகவில்லை.

நின்று காத்திருக்கும் துன்பம் குறைந்தது உண்மை. ஆனால் மேசையருகே இரண்டு பெண்களுக்குள் முடிந்த செய்தி, இன்று மகன், அண்டைவீட்டு இளைஞன் என்று ஆண்களைக் கடந்தே மருத்துவரை அடைய வேண்டியிருக்கிறது. டிஜிட்டல் இடைவெளி பற்றிப் பேசும்போது கருவி உண்டா, இணையம் உண்டா என்று எண்ணுகிறோம். குடும்பத்தில் ஒரு ஸ்மார்ட்போன் இருப்பதாகக் குறித்தால் அக்காவும் இணைக்கப்பட்டவராகவே கணக்கில் வருவார். யார் வழியாக இணைக்கப்பட்டவர் என்பது எந்தக் கட்டத்திலும் வராது.

வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் ஊரொன்றில் பொது மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் லான்செட் இதழில் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி'யை முன்வைத்தார். நல்ல மருத்துவம் தேவை மிகுந்தோர்க்குக் குறைவாகவே கிடைக்கிறது என்பது அதன் சாரம். விரல் விரைந்தோடுபவர்க்கு முதலிடம் தரும் முன்பதிவு அவ்விதியின் இன்றைய வடிவங்களுள் ஒன்று.

இதற்குத் தொழில்நுட்பத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவைக்கு நிம்ஹான்ஸே தலைமை மையம். தொழில்நுட்பத் துணை இந்நகரின் ஐஐஐடி. அதை அணுக 14416 என்ற எண் போதும். பட்டன் போனிலிருந்தும் அழைக்கலாம்; மொழியைத் தேர்ந்து, மறுமுனையில் ஒரு மனிதரிடம் பேசலாம்.

எங்கள் கிளினிக்கில் அந்த அம்மா இன்னும் பணியில்தான் இருக்கிறார். கட்டணம் மட்டும் வாங்குகிறார். செயலி இருக்கட்டும். மாலையில் ஒரு மணிநேரம் நோட்டும் திறக்கட்டும். காரணம் கேட்கும் கட்டத்தில் 'மருத்துவரிடம் நேரில் சொல்கிறேன்' என்றொரு தெரிவு, தமிழிலும் கன்னடத்திலும் சேரட்டும். இவற்றைக் கடிதமாக எழுதித் தெருவாசிகள் கையொப்பத்துடன் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

பொதுச் சுகாதாரத்திலும் பாலின ஆய்விலும் ஈடுபட்டுள்ள நண்பர்கள், தத்தம் ஊரில் இந்தக் கட்டத்தை யார் நிரப்புகிறார்கள் என்று பார்த்து எழுதினால் நன்று.